மூன்றாம் எண் வீட்டு வரி

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முடிவெட்டிக்கொண்டதற்கு ரசீது கேட்ட ஒரே மனிதர் எங்கள் ‘ரசீது’ சார்தான். மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பிரிவு அவருடையது. கோவளத்தில் மீன் வாங்கினாலும் துண்டுச் சீட்டை நீட்டுவார். ஒருமுறை மீன்காரம்மா, “துட்டே வேணாம் நைனா, எட்த்துகினு கெளம்பு” என்று கும்பிட்டே விட்டாராம்.

பொத்தேரியில் இரண்டு வருடம் முன்பு வாங்கிய ஃபிளாட்டை அந்த வருடம்தான் வாடகைக்கு விட்டிருந்தேன். மார்ச் மாதக் கடைசியில் வாடகை வருமானத்தைக் காட்டி, கட்டிய வீட்டு வரியைக் கழித்து, வருமான வரிப் படிவத்தை அவரிடம் கொடுக்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற சேகரின் படிவம் பறந்து வந்து விழுந்தது.

“நீ குடிகீற வூட்டுக்குல்லாம் வரிய கழிக்க முடியாது. வாடகைக்கு உட்டாதான். போ.”

அடுத்து என் ரசீதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏம்மா, இன்னா இது? பேரு வேற கீதே?”

“பழைய ஓனர் பேரா இருக்கும்னு நெனச்சேன் சார்.”

“கதவு எண்ணும் வேற கீது. பத்திரத்துல எட்டு, இதுல மூணு.”

ஆன்லைனில் வரி எண்ணைத் தப்பாகத் தட்டி, இரண்டு வருடமாக யாரோ ஒருவர் வீட்டுக்கு வரி கட்டியிருக்கிறேன்! என் வீட்டுக்கு ஒரு பைசா கட்டவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். அவர் அரை நாள் விடுப்பு எழுதினார். அதற்கும் ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

நகராட்சி அலுவலகத்தில் பெயர் மாற்ற மனு கொடுக்க வைத்தார்; இரண்டு வருடப் பாக்கியையும் கட்ட வைத்தார்.

“பாக்கியா இருந்தா இன்னா? ஓனரு கைலேர்ந்து கட்ற வருசத்துல கழிச்சிக்கலாம். மார்ச்சுக்குள்ள கட்டிட்ட, தப்பிச்ச.”

பிறகு மூன்றாம் எண் வீட்டுக்குப் போனோம். தனியாக இருந்த பெரியவர் எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். வீட்டு வரி என்று ரசீது சார் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

“அத்த எம் புள்ள துபாய்லேர்ந்தே கட்டிர்றான். ஆபீஸ்ல கேட்டேன், கட்டியாச்சுன்னாங்க. போன் கூட பண்றதில்ல, மறந்துட்டான்னு நெனச்சேன். மறக்கல பாரு!”

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். ரசீது சார் என் காலை நச்சென்று மிதித்தார்.

“தங்கமான புள்ள, பெரியவரே. அவரு நம்பரக் கொஞ்சம் குடுங்க. பாராட்டணும்.”

வெளியே வந்ததும், “சார், என் பணம்?” என்றேன்.

“புள்ளையாண்ட நான் பேசிக்கிறேன். பெரியவருக்குத் தெரிய வாணாம்.”

ஒரே வாரத்தில் பணம் என் கணக்குக்கு வந்தது. அந்தப் பையனிடம் அவர் என்ன பேசினாரோ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் அப்பாவுக்குப் போன் செய்கிறானாம். பெரியவரே என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

ரசீது சார் ஓய்வு பெற்று இப்போது மதுராந்தகத்தில் இருக்கிறார். மாதம் ஒரு முறையாவது அவரை அழைத்து வரியில் ஏதாவது சந்தேகம் கேட்கிறேன். “இதுகூடத் தெர்லியா?” என்று கத்திவிட்டு அரை மணி நேரம் விளக்குவார். பதில் தெரிந்த கேள்விகளாகப் பார்த்துத்தான் கேட்கிறேன்.