மிசின் காதிலை ஓலை

…இல்லைப் பிள்ளை, அவன் ஒண்டும் செய்யமாட்டான், பயப்பிடாதையும். பஸ்ஸுக்கு நிண்டவன்தானே, ரெண்டு காதிலையும் பனையோலைக் குணுக்குத் தொங்க? கையிலை ஒரு கறுத்தப் பெட்டியும் இருந்திருக்குமே? ஓம், அவன்தான் மிசின். விசர் எண்டு நினைச்சு பஸ்ஸையும் விட்டிட்டு நடந்தோ வந்தனீர்? கடவுளே! அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். உந்த ஓலையின்ரை மற்ற நுனியை எப்பன் பிடியும், நான் வார்ந்துகொண்டே சொல்லுறன்.

நீர் காரைநகரிலை இருந்து கலியாணம் கட்டி வந்தனீர், உமக்குத் தெரியாது. அல்லைப்பிட்டியிலை துடங்கி உந்தக் கடல் முடியிற இடம் மட்டும் தேடினாலும், விளையாட்டிலை வெண்டும் ஏச்சு வாங்கின மனிசன் மிசின் ஒராள்தான். தோத்தால் ஏச்சு, வெண்டால் அதைவிட ஏச்சு. ஞானஸ்நானத்திலை வைச்ச பேர் அவனுக்கே மறந்துபோச்சு. ஒருநாள் கோயிலிலை சுவாமியார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட, ஆரைக் கூப்பிடுறார் எண்டு பின்னாலை திரும்பிப் பாத்தவன்!

கொழும்பிலை கொம்பியூட்டர் திருத்திற வேலை செய்தவன், அதாலைதான் மிசின் எண்ட பேர். தாய் மனிசி போய்ச் சேர்ந்தாப்பிறகு இஞ்சை நாரந்தனைக்கு வந்து அந்தப் பெரிய வீட்டிலை தனிய இருக்கிறான். கலியாணமோ? அதை ஏன் கேக்கிறீர். பொம்பிளை பாக்கப் போன இடத்திலை, “உங்கடை கிணத்துக் கப்பி பிழையாப் பூட்டிக் கிடக்கு” எண்டு பொம்பிளையின்ரை தேப்பனுக்குப் பின்னேரம் முழுக்க விளங்கப்படுத்தினவன். முன்னுக்கு வைச்ச பலகாரத் தட்டை அவை திருப்பித் தூக்கிக்கொண்டு குசினிக்கை போட்டினம். நான் கூடப் போனனான். எனக்கும் ஒரு பயித்தம் பணியாரம் கிடைக்கேல்லை.

சரி, குணுக்குக் கதைக்கு வாறன். இறங்குதுறையடியிலை ஒரு பூவரசு நிக்குதெல்லே, அதுக்குக் கீழைதான் மத்தியானச் சோறு திண்டிட்டு எங்கடை ஆம்பிளையள் சீட்டுக் கடதாசி விளையாடுறது. முந்நூற்றி நாலு எண்ட ஆட்டம். நாலு பேர், ரெண்டு ரெண்டு பேராச் சோடி. தோத்த சோடி காதிலை ஓலைக் குணுக்குப் போடோணும். அடுத்த ஆட்டம் வெண்டால்தான் கழட்டலாம். அது வரைக்கும் சந்தைக்குப் போனாலும் அதோடதான், பூசைக்குப் போனாலும் அதோடதான் எண்டு சட்டம். சட்டம் எண்டால் என்ன, சுத்துமாத்துத்தான். எங்கடை கிழவன் படலையடியிலை கழட்டிச் சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி வந்து சோறு கேப்பார். நான் சேட்டுத் தோய்க்கேக்கை பொக்கற் முழுக்க ஓலை.

விளையாடுற ஆக்கள் ஆரெண்டால், ஒண்டு சம்மாட்டியார். நாலு வள்ளமும் வலையும் வைச்சிருக்கிறவர், அவர் இருமினால் அங்காலை நயினாதீவிலை நாய் குலைக்கும். மற்றது மாஸ்டர், பள்ளிக்கூடத்தாலை பென்சன் எடுத்தவர், கையிலை மற்றதையெல்லாம் வெட்டிற துரும்பு வந்தாலே வேர்த்துப்போவார். மூண்டாவது எங்கடை கிழவன். நாலாவது மிசின்.

விளையாட்டு உவனுக்கு நல்லாத்தான் வரும். வாய்தான் பிழை. ஒரு ஆட்டம் முடிஞ்சால், அது முடிஞ்சுது எண்டு விடமாட்டான். “நீங்கள் மூண்டாம் கைக்கு இஸ்பேட்டை இறக்கியிருக்கோணும், ஏன் இறக்கேல்லை? காரணம் சொல்லுங்கோ” எண்டு நிப்பான். மற்றப் பக்கத்துக்கு மட்டுமில்லை, தன்ரை சோடிக்கும்! தன்ரை சோடிக்குத்தான் கூட!

மாஸ்டர் பொறுத்துப் பாத்திட்டு ஒருநாள் கேட்டார். “தம்பி, முப்பது பிள்ளையளை வைச்சுக்கொண்டே நான் இவ்வளவு விளங்கப்படுத்தேல்லை. நீ என்னெண்டடா மூண்டு கிழவருக்கு உவ்வளவு படிப்பிக்கிறாய்?”

“நீங்கள் அப்பவே விளங்கப்படுத்தியிருந்தால் இப்ப எனக்கு வேலை இல்லையே, மாஸ்டர்” எண்டானாம்.

சம்மாட்டியார் எழும்பினார். “எழும்படா! இனி உந்த மரத்துக்குக் கிட்ட உன்னைக் கண்டன் எண்டால் வலையிலை சுத்திக் கடலிலை போடுவன்!” அதோட மிசினுக்கு இடம் போச்சு. அந்த இடத்திலை சங்கக்கடை மனேச்சர் வந்து குந்தினார்.

பிறகு உவன்ரை கோலத்தைப் பாக்கோணும் பிள்ளை. நாலு பேரோட கதைக்க அவனுக்கு இருந்தது அந்தப் பூவரசடி ஒண்டுதான். ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, மரத்துக்கு எப்பன் தள்ளி நிண்டு சில்லுக்குக் காத்தடிப்பான். அடிச்சு அடிச்சுக் கழுத்தை நீட்டிக் கடதாசியைப் பாப்பான். ஒரு சில்லு எவ்வளவு காத்தைத்தான் தாங்கும்? ஒருநாள் ரியூப் வெடிச்சுது. மனேச்சர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு மாஸ்டரின்ரை மடியிலை விழுந்தார். அதோட சைக்கிளுக்கும் தடை.

அப்பதான் உந்தக் கறுத்தப் பெட்டி, மடியிலை வைக்கிற கொம்பியூட்டர், துடங்கினது. அதுக்குள்ளை போக்கர் எண்டு வெள்ளைக்காரரின்ரை கடதாசி விளையாட்டு ஒண்டு கிடக்காம். காசுக்கில்லை, சும்மா புள்ளிக்கு. எங்கெங்கையோ நாட்டுக்காரரெல்லாம் வந்து விளையாடுவினமாம். உவன் விளையாடுறேல்லை. பெட்டி தானாய் விளையாடும். உவன் பக்கத்திலை இருந்து புட்டுத் தின்னுவான்.

“அப்ப நீ என்னத்துக்கடா அதுக்குப் பக்கத்திலை?” எண்டு கேட்டன்.

“ஆச்சி, ஆர் ஆர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுக்கோணும். பயந்தவனுக்கு ஒரு மாதிரி விளையாடோணும், புழுகனுக்கு வேறை மாதிரி விளையாடோணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி விளையாடினால் ஒருநாளிலை பிடிச்சுப்போடுவினம்.”

உலகத்திலை நாலு சாதி மனிசர்தானாம் பிள்ளை. இறுக்கிப் பிடிக்கிறவன், இளக்கி விடுறவன், பாயிறவன், பதுங்கிறவன். பெட்டிக்கை ஒவ்வொருத்தருக்கும் இழுத்து விடுற கோடு கோடாய் வைச்சிருக்கிறான், றேடியோவுக்குச் சத்தம் கூட்டிக் குறைக்கிற மாதிரி. பதுங்கிறவன் எண்டால் கோட்டை இஞ்சாலை இழுத்தால் பெட்டி அவனை மிரட்டும். பாயிறவன் எண்டால் அங்காலை தள்ளினால் பெட்டி பேசாமல் இருந்து ஆளைப் பொறியிலை விழுத்தும்.

பெட்டியோட விட்டிருந்தால் பரவாயில்லை. ஊரையெல்லாம் உப்பிடி அளக்க வெளிக்கிட்டான். மீன்காரன் பாயிறவனாம். அவனோட விலை பேசக்கூடாதாம், பேசாமல் நிண்டால் தானாய் இறங்குவானாம். போய் நிண்டான், மரம் மாதிரி. மீன்காரன் ரெண்டு தரம் “என்ன வேணும்?” எண்டு கேட்டான். உவன் வாயைத் திறக்கேல்லை. நான் ஒரு விளை மீன் வாங்கினன், அங்காலை வீட்டுக்காரி பாரை வாங்கினா, பிறகு கடைசித் திருக்கைத் துண்டும் போட்டுது. மீன்காரன் பெட்டியைக் கழுவிச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டான். உவன் நிக்கிறான்.

“என்னடா, மீன் எங்கை?”

“ஆச்சி, அவன் பாயிறவன் இல்லை. கோட்டை மாத்தோணும்.”

அண்டைக்கும் வெறும் சம்பல்தான் திண்டிருப்பான். நான்தான் குழம்பு குடுத்துவிட்டனான். அது கிடக்கட்டும்.

பிறகு மனேச்சர் கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போட்டார். பூவரசடியிலை மூண்டு பேர். மூண்டு பேரோட முந்நூற்றி நாலு ஏலுமே? ரெண்டு நாள் சும்மா இருந்து ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாத்தினம். மூண்டாம் நாள் சம்மாட்டியார் எங்கடை கிழவனிட்டைச் சொல்லிவிட்டார். “ஒரு பின்னேரம் வாயைத் திறக்காமல் விளையாடட்டும். திறக்காட்டி இடம் அவனுக்கு. ஒரு சொல்லு வெளியிலை வந்தால், இனிச் சாகுமட்டும் உந்த மரத்தின்ரை நிழலும் அவனுக்கில்லை.”

மிசின் என்னட்டை ஓடி வந்தான். முகம் வெளிறிப்போய்க் கிடக்கு.

“ஆச்சி, எனக்கு ஏலாது. நான் விளையாடினால் வாய் தானாத் திறக்கும். பெட்டியை விளையாட விட்டால் எனக்குச் சொல்ல ஒண்டும் இராதுதானே?”

அதுவும் ஒரு கதைதான். போக்கரின்ரை சட்டத்தை எடுத்துப்போட்டு முந்நூற்றி நாலின்ரை சட்டத்தை எழுதிப்போட்டான். இனி ஆக்களின்ரை குணம் போடோணும். அதுக்கு ஊரிலை ஆரிட்டை வரோணும்? என்னட்டைத்தானே! எனக்கெண்டால் தேன் குடிச்ச மாதிரி. நான் மீன் வெட்டிக்கொண்டு சொல்லுறன், உவன் பெட்டியிலை தட்டுறான்.

“சம்மாட்டியாரோ? கையிலை ஒண்டும் இல்லாட்டித்தான் அந்தாளுக்குச் சத்தம் கூட. வலையிலை மீன் விழாத நாளிலைதான் வள்ளத்தாலை பாடிக்கொண்டு இறங்குவார்.”

தட்டினான்.

“மாஸ்டரோ? நல்ல கடதாசி வந்தால் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார்.”

தட்டினான்.

“உங்கடை ஆள், ஆச்சி?”

“எங்கடை கிழவனோ? ஒரு சொல்லும் நம்பாதை. மாட்டுக்குத் தண்ணி வைச்சிட்டன் எண்டு அந்தாள் சொன்னால், ஓடிப்போய் மாட்டைப் பார்.”

அதையும் தட்டினான். நான் சொன்னதிலை ஏதும் பிழையோ, சொல்லும் பிள்ளை? ஒண்டும் இல்லை.

அண்டைக்குப் பின்னேரம் பூவரசடியிலை ஊரே நிண்டுது. மிசினும் எங்கடை கிழவனும் சோடி. மற்றப் பக்கம் சம்மாட்டியாரும் மாஸ்டரும். மிசின் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு, விழுற கடதாசியை எல்லாம் தட்டுறான். பெட்டி எதைக் காட்டுதோ அதை எடுத்துப் போடுறான். வாய் தைச்ச மாதிரி.

முதல் எண்டால், அடடா! சம்மாட்டியார் ஏலம் கூட்டிற மாதிரிச் சத்தம் போட்டுக் கேள்வி கேக்கிறார், பெட்டி அசையேல்லை. விட்டுப் பிடிச்சுது. சம்மாட்டியார் விழுந்தார். மாஸ்டர் கண்ணாடியைத் துடைச்சார், பெட்டி பதுங்கிச்சுது. சம்மாட்டியார் முழிக்கிறார், எங்கடை கிழவன் தொடையிலை தட்டிச் சிரிக்கிறார். மிசினுக்கு இடம் வந்திட்டுது எண்டு எல்லாரும் நினைச்சம்.

பிறகு எங்கடை கிழவன் ஒரு பெரிய கடதாசி போட்டார், கை எங்கடை பக்கம் வரப்போகுது. மிசின் பெட்டியைப் பாத்தான். துரும்பை எடுத்து அதின்ரை தலையிலை போட்டு வெட்டினான். தன்ரை சோடியின்ரை கையை!

கிழவன், அவன் கை தவறிப் போட்டிட்டானாக்கும் எண்டு விட்டார். அடுத்த கையும் அவர் போட்டார். திரும்பவும் வெட்டு. கிழவன் கடதாசியைக் கீழை வைச்சார்.

“டேய், நான் உன்ரை பக்கமடா!”

மிசினுக்கு முகம் பேத்தை மீன் மாதிரி ஊதுது. விளங்கப்படுத்தோணும், வாய் திறக்க ஏலாது. விரலாலை பெட்டியைக் காட்டுறான், வானத்தைக் காட்டுறான், நெஞ்சிலை அடிக்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. மூண்டாம் தரம் வெட்டேக்கை கிழவன் எழும்பி நிண்டு, “எனக்கு மூண்டு எதிரி! நான் ஒருத்தன் மூண்டு பேரோட விளையாடுறன்!” எண்டு கத்தினார். சம்மாட்டியாருக்குச் சிரிப்பிலை கையிலை இருந்த கடதாசி எல்லாம் மடியிலை கொட்டுண்டுது. அப்பிடி இருந்தும் அவர்தான் வெண்டார்.

குணுக்குப் போட்டாச்சு. மிசினுக்கு ரெண்டு, கிழவனுக்கு ரெண்டு. “உந்தச் சனியனுக்கும் போடுங்கோ” எண்டு கிழவன் பெட்டியின்ரை மூலையிலையும் ஒண்டு கொழுவினார்.

“சரி, ஆட்டம் முடிஞ்சுது. இப்ப வாயைத் திற” எண்டார் சம்மாட்டியார்.

திறந்தான். “பெட்டியிலை பிழையில்லை. போக்கரிலை சோடி எண்டு ஒரு ஆள் இல்லை. மேசையிலை இருக்கிற எல்லாரும் எதிரிதான். நான் சட்டத்தை மாத்தினன், மனிசரை அளக்கிற இடத்தை மாத்தேல்லை. சோடி எண்டு ஒராள் இருக்கெண்டு அதுக்குச் சொல்ல மறந்துபோனன்.”

அவன் குணுக்கோட நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்.

மாஸ்டர் சொன்னார், “உதை நீ அதுக்கு மட்டுமோ சொல்ல மறந்தனி?”

சம்மாட்டியார் எங்கடை கிழவனைப் பாத்தார். “வாய் திறக்கேல்லை, சொன்ன சொல்லுக் காத்திட்டான். ஆனா வெட்டு வாங்கினது நீர். நீர் ஏலாது எண்டால் போகட்டும்.”

கிழவன் குணுக்கை ஆட்டி ஆட்டி யோசிச்சார். யோசிக்கிற மாதிரிக் காட்டினார் எண்டு சொல்லும். “நாளைக்கும் வரட்டும். ஆனா என்ரை சோடியா இல்லை. இனி உங்களையும் வெட்டட்டும், நான் இருந்து பாக்கிறன்.”

அண்டையிலை இருந்து, கோயில் திருநாளுக்கு முறை வைக்கிற மாதிரி மிசினுக்கு முறை. இண்டைக்கு ஒருத்தற்றை சோடி, நாளைக்கு மற்றவற்றை சோடி. ஒருத்தராலை ரெண்டு நாள் தொடர்ந்து தாங்க ஏலாதாம். பிறகு பெட்டிக்குச் சோடி சொல்லிக் குடுத்தான். எங்கடை கிழவன்ரை முறையும் வர, அவரை முழுக்க நம்பு எண்டு கோட்டை அந்த அந்தம் வரைக்கும் இழுத்துவிட்டான். அதோட முந்தியிலும் பாக்க மோசமாத் தோத்தினம். நான் முதலே சொன்னனான்தானே!

இப்ப பெட்டி வேலை செய்யாது. சம்மாட்டியாரின்ரை தேத்தண்ணி அதுக்கை ஊத்துண்டிட்டுது. கை தவறினதாம். அந்தாளின்ரை கை தவறி நான் கண்டதில்லை. பழுதாப்போன பிறகு இவ்வளவு நாளும் மூடின பெட்டியை மேசையாக்கி அதுக்கு மேலைதான் கடதாசி போட்டவை. அதுக்குப் புதுச் சாமான் வாங்கிப் பூட்டத்தான் உவன் யாழ்ப்பாணம் போக பஸ்ஸுக்கு நிண்டவன். வாய் திரும்பவும் பழையபடிதான். ஏச்சும் பழையபடிதான். மனேச்சர் கண் நல்லாகி வந்திட்டார், அவருக்கு இடம் இல்லை. மரத்துக்கு எப்பன் தள்ளி நிண்டு சைக்கிளுக்குக் காத்தடிக்கிறார்.

ஓலையோ? நேற்றும் தோத்துப்போனான். மற்றவை ஒளிச்சுக் கழட்டுவினம், உவன் படுக்கேக்கையும் கழட்டான். “ஏனடா இந்தக் கோலத்தோட ரவுணுக்குப் போறாய்?” எண்டு கேட்டன்.

“ஆச்சி, காதிலை குணுக்குக் கிடந்தால் அதைக் கழட்ட நாளைக்கு என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகோணும்?”

பாத்தீரே, விசரன்ரை கணக்கை. ஓம், இது அவனுக்குத்தான் வார்ந்துகொண்டிருக்கிறன். ஆம்பிளையள் ஈர்க்கோட கிழிச்சுக் கொழுவிவிடுவினம், அவனுக்குக் காது கீறிச் சிவந்துபோகும். குருத்தோலையா, ஈர்க்கை எடுத்துப்போட்டு மெதுவா… ஏய்! சூ! சூ! பிள்ளை, ஆடு பனங்கிழங்கு ஒடியல் காயிற பாயிலை வாய் வைச்சிட்டுது, நான் ஓடுறன். நீர் உந்த ஓலையை நிலத்திலை வையாதையும், மண் ஒட்டிப்போடும்.