இருட்டு ரைட்டரும் எங்கள் வீட்டுக் கம்பளிகளும்

ஏற்காட்டு மூடுபனியை நேருக்கு நேர் நின்று திட்டிய ஒரே மனிதர் எங்கள் இருட்டு ரைட்டர்தான். சேலத்திலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்து வாய் பிளந்து பார்க்கிற பனி அது. இவரோ வாசலில் நின்று, "உனக்கு வேற மலையே கெடைக்கலியா?" என்று அதனிடம் சண்டைக்கு நிற்பார்.

பகலில் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பொழுது சாய்ந்தால் கேமராவை வானத்துக்குத் திருப்பிவிடுவார். வரிசையாக மூன்று விண்மீன் நிற்குமே, அதற்குக் கீழே புகை மாதிரி ஒன்று இருக்கிறதாம். நெபுலா என்பார். அதைச் சும்மா படம் பிடித்தால் ஆகாதாம். கேமரா முன்னால் மாட்டுகிற ஒரு கண்ணாடித் துண்டு, இருக்கிற சிவப்பிலெல்லாம் ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். இன்னொன்று அதைவிட ஆழ்ந்த சிவப்பு. மூன்றாவது பச்சையும் நீலமும் கலந்தது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிம். பிறகு மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுப் போட்டால் கலர் வருமாம்.

"ஏனுங்க ரைட்டரே, மொதல்லயே கலர் பிலிம் போட்டா ஆவாதுங்களா?" என்றேன். நான் அவர் சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரிப் பார்த்தார்.

அந்த வருஷம் அவரைச் சேலத்து ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். பொங்கல் கழித்துப் போகவேண்டும். கீழே அத்தனை விளக்கு வெளிச்சத்தில் நெபுலா எங்கே தெரியும்? மார்கழி முழுக்கப் பனி. மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். கடைசியில் ஒரே ஒரு ராத்திரி, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று படமும் எடுத்துவிட்டார். இனி கழுவும்போது கெட்டால் அவ்வளவுதான், இன்னொரு முறை கிடையாது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். "அக்கா, உங்க ஊட்டுக் கம்பளியெல்லாம் வேணுமுங்க."

அவர் குளியலறைச் சன்னலை அடைக்கத்தான். எங்கள் கம்பளி அத்தனையையும் ஆணியடித்து மாட்டினார். கதவுக்கு வெளியே நான் காவல். "ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் நான் செத்தேனுங்க அக்கா!"

பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கோழி வந்தது, விரட்டினேன். எஸ்டேட்டுத் துரை ரைட்டரைத் தேடி வந்தார். "வயிறு சரியில்லீங்க, உள்ளாறயேதான் இருக்காருங்க" என்று அனுப்பினேன். அப்புறம் என் வீட்டுக்காரர் பல் தந்தியடிக்க வந்தார்.

"ஏண்டி, கம்பளி எங்க?"

"நெபுலாவுக்கு மாட்டியிருக்குது."

"அது ஆரு? பிரசவமா?"

"சத்தம் போடாதீங்க. உள்ள கழுவிக்கிட்டிருக்காங்க."

கழுவியாயிற்று. ஆனால் அந்த ஈரக்காற்றில் பிலிம் காயவேண்டுமே! எஸ்டேட்டிலேயே ஈரம் அண்டாத இடம் காப்பிக்கொட்டை குடோன் ஒன்றுதான். அங்கே கொடி கட்டித் தொங்கவிட்டார். காய்ந்ததும் அச்சுப் போட மறுபடி குளியலறைக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

கலர்ப் படத்தோடு ரைட்டர் வெளியே வந்தபோது குதித்தார். "அக்கா! புது நட்சத்திரமுங்க!"

செம்பருத்திப் பூ விரிந்த மாதிரி புகை. அதன் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி. அவர் வைத்திருந்த எந்த வான வரைபடத்திலும் அது இல்லையாம். துரையிடம் ஓடினார். டீக்கடையில் சொன்னார். குப்பனூர் வழியாகச் சேலம் போகிற பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரிடமும் சொன்னார்.

சாயங்காலம் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நெசமான நட்சத்திரம்னா மூணு பிலிம்லயும் இருக்கோணுமுங்க. இது செவப்பு பிலிம் ஒண்ணுலதான் இருக்குது."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், காப்பிக்கொட்டையின் தோல்! குடோனில் பறந்த துணுக்கு, ஈரப் பிலிமில் ஒட்டிக் காய்ந்து, அச்சில் புள்ளியாக விழுந்திருக்கிறது. உரித்தால் படமும் சேர்ந்து உரிந்து வரும்.

"ஊரெல்லாம் பொய் சொல்லிப்போட்டனுங்களே, அக்கா!"

மறுநாள் துரை, டீக்கடை என்று ஒவ்வோர் இடமாகப் போய், "அது தோலுங்க, தோலுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கண்டக்டர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் முடியாதுங்க ரைட்டரே. நான் கீழ அல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. அது நட்சத்திரமாவே இருக்கட்டும்!"

படத்திலாவது அந்தப் புள்ளியை மறைத்துவிடலாம் என்று மயிரிழை மாதிரி ஒரு தூரிகையில் சாயம் தொட்டு உட்கார்ந்தார். சாயம் பக்கத்தில் வழிந்தால் நெபுலாவும் போய்விடும்.

"வுட்டுருங்க ரைட்டரே. பாவம், அந்தத் தோலு நம்ம எஸ்டேட்டுலருந்து அம்புட்டு தூரம் போயிருக்குது."

என்னையே பார்த்தார். அந்த மார்கழியில் முதல் தடவையாகச் சிரித்தார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்.

பொங்கல் கழித்து பஸ் ஏறும்போது, படத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மடித்த கம்பளிகளும் கூடவே வந்தன, பிலிம் கழுவிய மருந்து வாடையோடு.

பனி விலகினால் இப்போதும் நான் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறேன். மூன்று மீனும் வரிசையாக நிற்கிறது. அதற்குக் கீழே, படத்தில் அந்தக் காப்பித் தோல் ஒட்டியிருந்த இடம் மட்டும் எனக்கு மொட்டையாகத்தான் தெரிகிறது.