இராயப்பரின் இடது கால்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்
1935-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி, புதன்கிழமை

ரங்கூனில் இருக்கும் தம்பி சிரஞ்சீவி ஹென்றிக்கு உன் அண்ணன் மர்சலின் ஆசீர்வதித்து எழுதுவது. தேவமாதா தயவால் நானும் உன் அண்ணி ஆலிசும் சுகம். கிணற்றுத் தண்ணீர் மட்டும் முன்னைப் போலவே உப்பு. அவ்விடத்து சுகத்துக்கு எழுது என்று எழுதுவதுதான் முறை, ஆனால் பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாதவனிடம் அதைக் கேட்டு என்ன பிரயோஜனம் என்று விட்டுவிடுகிறேன்.

போன மாதம்தான் உன் முதல் கடிதம் வந்தது. ஆலையில் வேலை போய்விட்டது, மே மாதக் கப்பலில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறேன், நம் வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா கட்டிய வீடு, வராதே என்று சொல்ல நான் யார். ஆனால் ஒன்று: வாசற்படி ஏறுமுன் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரிய வியாழனன்று நம் ஆண்டவர் செய்ததுபோலச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் சடங்கில், முதல் ஆளாக, சீஷர்களில் தலைவரான இராயப்பர் இடத்தில் உட்கார வேண்டும் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. நீ ரங்கூன் போன அந்த வருஷம் சாமியார் உன்னைத் தகாதவன் என்றார், இடம் எனக்கு வந்தது. அதற்கு நான் என்ன செய்வேன்? அதற்காக அண்ணனிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பல் ஏறுவதா? தாழ்ச்சி வேண்டும் தம்பி, தாழ்ச்சி. அது எனக்கு எப்பேர்ப்பட்ட பாடுபட்டு வந்தது என்பதை எழுதுகிறேன், படித்துத் திருந்து.

இந்த வருஷம் தபசு காலம் நாற்பது நாளும் செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டேன். கோவிலில் நாலு பேர் காதில் விழும்படிதான் நேர்ந்துகொண்டேன், பள்ளிக்கூட வாத்தியார் செய்வது தெரியாவிட்டால் மற்றவர்களுக்கு நன்மாதிரிகை எப்படிக் கிடைக்கும்? மூன்றாம் நாளே ஒரு தர்மசங்கடம் வந்தது. சாமியார் கழுவி, உதடு பதித்து முத்தி செய்வது வலது காலை மட்டும். அது தாரும் சாணியும் மீன் செதிளுமாக இருந்தால் அவருக்கு மரியாதையா? பன்னிரண்டு பேரும் காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவதுதான் நம் பங்குக் கோவில் வழக்கம், உனக்குத் தெரியாததல்ல. ஆகையால் வலது காலுக்குச் செருப்பு, இடது காலுக்குத் தபசு என்று பங்கிட்டுக்கொண்டேன். கச்சேரி ரோட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் கடையை விட்டு இறங்கி வந்து, "இன்னா வாத்யாரே, அந்தக் காலு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான். தபசின் சூட்சுமத்தை நடுரோட்டில் விளக்க முடியுமா? நடையைக் கட்டினேன்.

தினமும் கிணற்றடியில் செங்கல் துண்டும் பீர்க்கங்கூடும் சீயக்காயுமாக வலது காலைத் தேய்த்தேன். பெரிய புதன்கிழமை கொஞ்சம் பக்தி மிகுந்துவிட்டது, குதிகால் தோல் உரிந்துவிட்டது. விடிந்து பார்த்தால் கால் பணியாரமாக உப்பியிருக்கிறது. உன் அண்ணி மஞ்சள் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கட்டுகிறபோதே, இன்னும் நாலு நாள் தபசு நீண்டிருந்தால் காலே மிஞ்சியிருக்காது என்றாள். போகாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் பெஞ்சியின் கடைசியில் யூதாஸ் இடத்தில் உட்காருகிற தையற்காரருக்கு என் இடத்தின்மேல் வெகுநாளாகக் கண். நான் ஒரு வருஷம் விட்டால் அவர் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்துவிடுவார். நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

நம் சாமியாருக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. அவர் மண்டியிடும்போது முழங்கால் முறிகிற சத்தம் கேட்கும். என்முன் மண்டியிட்டார், கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், சரி மற்றதைக் கொடும் என்று கையை நீட்டினார். நான் இடது காலைப் பெஞ்சிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை, கணுக்காலைப் பிடித்து வெளியே எடுத்தார். நாற்பது நாள் தபசும் அதில் இருந்தது. முதல் செம்புத் தண்ணீர் விட்டார், தாம்பாளத்தில் கன்னங்கரேலென்று இறங்கியது. முன்வரிசையில் மீன்காரத் தாயம்மா ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நம்ம கட்டுமரத்து அடிப்பக்கமே தேவல" என்றாள், நாலு தூண் தள்ளிக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "வேண்டாம் சாமி, இந்தக் காலைக் கழுவ வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சுவிசேஷத்தில் இராயப்பர் சொன்னதைத்தான் வாத்தியார் சொல்கிறார் என்று ஜனங்கள் உருகிவிட்டார்கள், ஒரு பெண்பிள்ளை விம்மி அழுதாள். சாமியார் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, எனக்கு மாத்திரம் கேட்கும்படி, "பதினோரு வருஷமாக் கழுவின காலையே கழுவிக்கிட்டிருந்தேன், வாத்தியாரே. இன்னைக்குத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கீர்" என்றார். இரண்டாம் செம்பு கொண்டுவரச் சொல்லி, விரல் விரலாகக் கழுவித் துடைத்து முத்தி செய்தார்.

அப்போது, ஹென்றி, எனக்கு நம் கிணற்றடி ஞாபகம் வந்தது. பெரிய வியாழனன்று கோவில் மணி ஓய்ந்தவுடன் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோமே, யார் தட்டுவது என்று நமக்குள் சண்டை வருமே, அப்புறம் கடற்கரைக்கு ஓடி இருட்டும் வரை நண்டு துரத்துவோமே. மணல் காலோடு வீட்டுக்குள் வந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். நீ எட்டி இறைக்கக்கூட முடியாத வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்து என் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவாய். நான் மூத்தவன், காலை நீட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டைமேல் உட்கார்ந்திருப்பேன். உன் காலுக்கு யார் ஊற்றினார்கள் என்று பெஞ்சியில் உட்கார்ந்தபடியே யோசித்தேன், இன்றைக்கு வரை ஞாபகம் வரவில்லை. அந்த நாட்களுக்கு என்னத்தைக் கொடுத்தாலும் தகும். பாஸ்குத் திருநாளுக்கு உனக்குப் பிடித்த அச்சு முறுக்கு சுட்டபோது உன் அண்ணியும் அதைத்தான் சொன்னாள்.

அது இருக்கட்டும். இப்போது பங்கு முழுக்க என் தாழ்ச்சியைப் பற்றித்தான் பேச்சு. ஆகவே தாழ்ச்சி என்றால் என்ன என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது. வாசலிலேயே நின்று, பிள்ளைகள் பார்க்க, மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வரவும். உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் முத்தங்கள். கடலும் கப்பலும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கக் காவல் சம்மனசுகள் கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணன்,
மர்சலின்

பின்குறிப்பு: இதை எடுத்துக்கொண்டு தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உன்னைத் தகாதவன் என்று சாமியார் சொல்லவேயில்லை. இந்த வருஷம் இராயப்பர் ஹென்றிதான், தம்பியிடம் சொல்லும் என்று என்னிடம்தான் சொல்லியனுப்பினார். அந்த வேஷமெல்லாம் வேண்டாம் என்று நீ சொன்னதாக அவரிடம் சொன்னேன், அவர் உன்னைத் தகாதவன் என்றதாக உன்னிடம் சொன்னேன். பதினோரு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் உன் அண்ணியிடம் சொன்னேன், சாயங்காலம் சாமியாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டுவிட்டு நல்லபடியாக ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். "அதுவும் வீட்லயே கழுவிக்கிட்டுப் போற கால்தானே, அப்படியே அனுப்புங்க" என்றாள் ஆலிஸ். அப்படியே அனுப்புகிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், தம்பி. நேரே கிணற்றடிக்கு வா. வாளிக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறேன். கட்டைமேல் நீ உட்கார், நான் ஊற்றுகிறேன்.