இடுப்பால் எட்டு போட்ட அழகிரி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்ல முடியாது. அழகிரி வீடு அடுத்த தெருவில்தான். அவருக்கு இடுப்பு மக்கர் பண்ணியிருக்கே தவிர, காது ஒருநாளும் பண்ணினதில்லை.

அழகிரி ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாள் புறப்பாட்டின்போது பல்லக்குத் தண்டைத் தோளில் சுமக்கிறவர். சும்மா சுமக்கிறது பெரிசில்லை, அதை லாரிகூடச் செய்யும். பெருமாளை நடத்திக் காட்டணும். சிங்கம் மாதிரி ஒரு நடை, பாம்பு மாதிரி ஒரு நடை. கால் போகும், இடுப்பு வளையும், தோள் மட்டும் அசையவே கூடாது. தோள் குலுங்கினால் மேலே பெருமாள் குலுங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐப்பசியில் அம்மா மண்டபம் படித்துறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு தப்பித்தது. ஆனால் இடுப்பு துருப்பிடித்த பூட்டாக இறுகிப்போச்சு. தினமும் இடுப்பைச் சுழற்றிப் பயிற்சி பண்ணணும் என்றார் டாக்டர்.

"பெருமாளைச் சுமந்த இடுப்பு ஓய் இது. இதுக்கு இன்னொருத்தர் பாடம் நடத்தறதா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

வைகுண்ட ஏகாதசிக்குள் இடுப்பு இளகாவிட்டால் தண்டுக்கு வேறு ஆள் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஈஸிசேரில் விழுந்து, மின்விசிறியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் கூடத்தில் தும் தக்கதக், தும் தக் என்று ஒரு கொட்டு. எட்டிப் பார்த்தார். அவர் சம்சாரம் ரங்கநாயகி, சில்லறைக் காசு மாதிரித் தகடுகள் தொங்கும் ஒரு பட்டையை மடித்து மடித்து ஊக்கு குத்திப் புடவைக்கு மேலே கட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்னடி கூத்து இது?"

"பெல்லி டான்ஸ் கத்துக்கறேன்னா. தில்லைநகர்ல பிரான்சின்னு ஒரு பொண்ணு, போன்லயே சொல்லிக் கொடுக்கறா."

"இந்த வயசுலயா?"

"அதான் ஆரம்பப் பாடமா எடுத்திருக்கேன்."

"நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவா? நிறுத்து."

"அரைகுறையா நிறுத்தப்படாது. சரியா வந்துடுத்துன்னு நீங்களே ஒருநாள் சொல்லுங்கோ. அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

அழகிரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இவ்வளவுதானா? நாளைக்கே 'சரி' என்று ஒரு வார்த்தை. ஆட்டம் க்ளோஸ்.

மறுநாள் நாற்காலி போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். ரங்கநாயகி ஆடினாள். இடுப்பைத் தவிர எல்லாம் ஆடிற்று. தோள் ஆடிற்று, கொண்டை ஆடிற்று, சுவரில் காலண்டர்கூட ஆடிற்று. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. வேறு எதிலும் பொய் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து "காபி நன்னாயிருக்கு" என்று சொல்லிவருகிறவர்தான். ஆனால் தோள் குலுங்கும் நடையைச் சரி என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"தோளை ஏண்டி ஆட்டறே?"

"இடுப்பு ஆடினா தோளும்தானே ஆடும்?"

"ஆடாது. ஆடப்படாது."

"அதெப்படி முடியும்?"

"நான் எழுந்து வந்தேன்னா தெரியும்."

"உங்களால எங்கே, பாவம். உட்காருங்கோ."

அந்தப் 'பாவம்' போதாதா? எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஒரு பக்கம் தூக்கினார். கடக் என்றது. தூணிலிருந்துதான் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் தினமும் இதே கதை. அவள் கோணலாக வட்டம் போடுவாள். இவர் நேராகப் போட்டுக் காட்டுவார். அவள் தாளத்தைத் தவறவிடுவாள். இவர் "தும்முக்கு இறக்கு, தக்குக்கு ஏத்து" என்று தொடையில் தட்டுவார். இடுப்பால் எட்டு போடும் பாடம் வந்தது. தோள்மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தளும்பாமல் அழகிரி எட்டு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டு ஆனந்தவள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமி, மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"லைசென்ஸ் எடுக்கப்போறார். எட்டு போட்டுப் பழகறார்."

"வண்டி எங்க மாமி?"

"வண்டி மெதுவா வாங்கிக்கலாம். முதல்ல எட்டு வரட்டும்."

மார்கழி பிறந்தது. ரங்கநாயகிக்கு இன்னும் வரவில்லை. "இந்த ஜன்மத்துல உனக்கு வராதுடி" என்று திட்டிக்கொண்டே அழகிரி கொல்லைக்குப் போய், குனிந்து, தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கினது அவருக்கே தெரியவில்லை. ரங்கநாயகிக்குத் தெரிந்தது. கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

ஏகாதசியன்று அழகிரி தண்டுக்குத் தோள் கொடுத்தார். சிங்க நடையும் வந்தது, பாம்பு நடையும் வந்தது. மேலே பெருமாள் சொகுசாகப் போனார். கண்ணில் நீர் வழிய வழிய நடந்தார் அழகிரி.

வீட்டுக்கு வந்ததும் மனசு நிறைஞ்சு சொன்னார்: "ரங்கம், பெருமாள் கிருபைதான். ஆனா உனக்கும் கடமைப்பட்டிருக்கேன். நல்லவேளை, நீ மக்கு சிஷ்யையா வாய்ச்சே. உனக்குச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்தே என் இடுப்பு பிழைச்சுது."

"அப்படியா? எனக்கும் சந்தோஷம்னா" என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி பட்டையைக் கட்டினாள். போனில் தும் தக்கதக் போட்டாள். இடுப்பு எட்டு போட்டது. தோள், பல்லக்குத் தண்டு மாதிரி அசையாமல் நின்றது. ஒரு பிசகு இல்லை.

"சரி" என்றார் அழகிரி. தானாக வந்துவிட்டது.

"அப்போ நான் நிறுத்திட்டேன்" என்றாள் ரங்கநாயகி. பட்டையை அவிழ்த்து, மடிப்பில் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மடிப்பு விரிந்தது. "டாக்டர் தினமும் பண்ணச் சொல்லியிருக்கார்" என்றபடி அதை அழகிரியின் இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டினாள்.

அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.