கோவமா முப்பது பேர் வேணும்

அசோகனின் இடது தொடை இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அது போபாலில் வாங்கிய கரண்ட். வலது தோளில் இருந்த கன்றல் ராஞ்சியில் வாங்கிய ரப்பர் குண்டு. கண் எரிச்சல் ஜெய்ப்பூர். உட்கார்ந்தால் ஒரு மாநிலம் வலித்தது, எழுந்தால் இன்னொரு மாநிலம்.

அவன் கம்பெனி ஆளைக் கொல்லாத ஆயுதங்கள் செய்து நாடு முழுக்கப் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் விற்றது. கார்டில் அவன் ‘விற்பனை அலுவலர்’. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் “யார் மேல சுட்டுக் காட்டுவீங்க?” என்று ஒரு கேள்வி வரும். உடனே எல்லோரும் அசோகனைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆயுதம் கொல்லாது என்பதற்கு உயிரோடு இருக்கிற அவன்தான் சாட்சி.

“இந்த ஆர்டர முடிச்சிக் குடு,” என்று மேனேஜர் மோகன் சொல்லியிருந்தார். “உன்ன ஏசி ரூம்ல உக்கார வெக்கிறேன். இல்லன்னா அடுத்த வாரம் கவுகாத்தி. புது மாடல் வந்திருக்கு. வோல்ட்டேஜ் கொஞ்சம் ஜாஸ்தி.”

அதனால் இந்தத் தடவை தன் உடம்புக்குப் பதிலாக ஒரு கூட்டத்தையே வைத்துக் காட்டிவிடுவது என்று அசோகன் முடிவு செய்தான். மரக்காணம் உப்பளத்தில் வெட்டவெளியாக ஒரு இடம் பிடித்தான். குறுக்கே இருந்த மண்மேட்டை ஜேசிபி விட்டுத் தள்ளி, சாமியானா போட்டான். கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தரும் தனக்கோடிக்குப் போன் செய்தான்.

“கோவமா முப்பது பேர் வேணும்.”

“கோவத்துக்குத் தனி ரேட்டு சார். சும்மா நிக்கிறதுன்னா கம்மி.”

“தர்றேன். ஆனா நெஜக் கோவம் மாதிரி இருக்கணும். ஒருத்தன் சிரிச்சாலும் நான் கவுகாத்திக்குப் போயிடுவேன்.”

“எங்க போவீங்க?”

“அத விடுங்க. கூட்டியாங்க.”

டெமோ நாளன்று டெல்லியிலிருந்து அரசாங்கக் கொள்முதல் குழு வந்து உட்கார்ந்துவிட்டது. கூட்டத்தைக் காணோம். தனக்கோடியின் போன் எடுபடவில்லை. குழுத் தலைவி கிருபா மேடம் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, அசோகனை மேலிருந்து கீழ்வரை அளந்தார்.

“ஆள் வரலன்னா உங்க மேலயே காட்டிடுங்களேன்.”

அசோகனின் தொடை தானாக ஒருமுறை துள்ளியது. “வந்துட்டாங்க மேடம்!”

உண்மையாகவே வந்துவிட்டார்கள். தலையில் துண்டு, முழங்கால்வரை உப்புச் சேறு, கையில் உப்பு வாரும் பலகை. ஆணும் பெண்ணுமாக முப்பதுக்குக் குறையாது. முன்னால் அமராவதி என்ற பெண், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“இங்க யாருய்யா பெரியாளு?”

அசோகனுக்குப் புல்லரித்தது. “பிரமாதம்! இந்த மூஞ்சிய மாத்தாதீங்க. தனக்கோடி வரலையா?”

“அவன் இன்னாத்துக்கு நடுவுல? எங்க விஷயத்த நாங்க பேசிக்கிறோம்.”

“அதுவும் சரிதான். கயித்துக்கு அந்தாண்ட நின்னு கத்துங்க. ஆபீசருங்க உங்களப் பாக்கத்தான் டெல்லியிலருந்து வந்திருக்காங்க.”

அமராவதி பின்னால் திரும்பினாள். “கேட்டியாடி ஜான்சி? டெல்லியிலருந்தே வந்துட்டாங்களாம். தொண்டையத் தொறந்து கத்துங்கடி!”

“கட்டித் தா! கட்டித் தா!”

“எதைக் கட்டித் தரணுமாம்?” என்று கேட்டார் கிருபா.

“லோக்கல் ஸ்லோகன் மேடம். ரிகர்சல் பாத்துட்டு வந்திருக்காங்க.”

முதல் அயிட்டம் ராட்சத ஒலிபெருக்கி. கம்பெனியின் டெக்னீஷியன் பிரியங்கா பொத்தானை அமுக்கினாள். “கலைந்து செல்லுங்கள்!” என்று ஒரு குரல் கிளம்பியது. சாமியானா கம்பங்கள் ஆடின. கொக்குகள் கலைந்து சென்றன. கூட்டம் காதில் விரலை விட்டுக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தியது.

ஆனால் அந்தக் குரல் கடற்கரைக் குப்பம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ‘கலையணும்னா அங்க இன்னாமோ நடக்குது’ என்று குப்பமே கிளம்பி வந்தது. ஈசிஆர் ரோட்டில் போன பைக்குகள் திரும்பின. ஒருவன் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மணியடித்தான்.

“அசோகன், கூட்டம் ஜாஸ்தியாகுது.”

“அதான் மேடம் டெக்னிக். எல்லாரையும் ஒண்ணா வரவெச்சி, ஒண்ணா கலைக்கிறது.” பிரியங்காவின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். “மொளகா குண்ட எடும்மா.”

“சார், காத்து திரும்புது.”

“நீ சுடு.”

“கடக்காத்து சார்.”

“கவுகாத்தி போறது நீயா நானா? சுடு!”

சுட்டாள். குண்டுகள் கூட்டத்தின் முன்னால் அழகாக வெடித்தன. சிவப்புப் புகை எழுந்து ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கடற்காற்றோடு சேர்ந்து நேராக சாமியானாவுக்குள் நுழைந்தது. குழு முழுவதும் நாற்காலியோடு சாய்ந்தது. ஒருவர் இன்னொருவரின் இளநீரில் முகம் கழுவினார்.

கூட்டம்தான் பதறிப்போய்க் கயிற்றைத் தாண்டி ஓடி வந்தது. அமராவதி கிருபாவின் தலையை மடியில் சாய்த்து, கண்ணில் தண்ணீர் ஊற்றினாள். “ஊதும்மா, மூக்க நல்லா சிந்து. டெல்லியிலருந்து வந்து இந்தப் பாடா?” என்றாள். கண் கொஞ்சம் திறந்ததும் காதருகில் குனிந்து, “கட்டித் தா!” என்றாள்.

“டெடிகேஷன்,” என்றார் கிருபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “இந்த நிலைமையிலயும் நடிப்ப விடல பாருங்க.”

மிச்சம் இருந்தது வலைத் துப்பாக்கி ஒன்றுதான். சுட்டால் வலை விரிந்து போய்க் கலகக்காரனைச் சுருட்டிப் போட்டுவிடும் என்று கேட்லாக்கில் எழுதியிருந்தது.

பிரியங்கா சுட்டாள். வலை பறந்தது. குப்பத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த செல்லப்பன், அதை நடுவானிலேயே லபக்கென்று பிடித்தான். விரித்துப் பார்த்தான். முகம் சுளித்தான்.

“இன்னாய்யா வலைக்கண்ணு இது, இம்மாம் பெரிசா? இதுக்குள்ள சுறாவே குடும்பத்தோட பூந்து போவும்.”

“ஏம்பா, அது மீனுக்கு இல்ல, மனுசனுக்கு!” என்று கத்தினான் அசோகன்.

“அப்படியா?” செல்லப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அமராவதியைப் பார்த்தான்.

“வீசுடா,” என்றாள் அமராவதி.

வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, மிச்சத்தை முழங்கையில் போட்டு, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வீசினான். வலை வட்டமாக விரிந்து அசோகன் தலையில் இறங்கியது. காலைத் தூக்கினால் கை மாட்டியது. கையை எடுத்தால் காது மாட்டியது. உருண்டான். இன்னும் இறுகியது.

கிருபா சிவந்த கண்களோடு எழுந்து வந்தார். “வெளிய வர முடியலையா?”

“முடியல மேடம்!”

“வலிக்குதா?”

“இல்ல மேடம்! மானம்தான் போவுது!”

“உயிருக்கு?”

“நல்லாயிருக்கேன் மேடம்!”

குழு தலைகளைச் சேர்த்துவைத்துக் குசுகுசுத்தது. ஒருவர் கைதட்டினார். “துப்பாக்கி வேணாம், வலை மட்டும் எடுத்துக்கிறோம்,” என்றார் கிருபா. “எல்லைக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டரா போடுறேன். அடுத்த டெமோவுக்கும் இதே ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க. சினிமாவுலகூட இப்படி நடிக்க ஆளில்ல.”

கார்கள் கிளம்பிப் போயின. வலைக்குள் கிடந்த அசோகன் ஆனந்தத்தில் அழுதான். இனி கவுகாத்தி இல்லை. இனி இந்தத் தொடை அவனுக்கே சொந்தம்.

“யக்கா, கலக்கிட்டீங்க! ஷோ முடிஞ்சிது. வலைய எடுங்க.”

“கட்டித் தா,” என்றாள் அமராவதி.

“ஆபீசருங்க போய்ட்டாங்கக்கா. இனிமே நடிக்க வேணாம்.”

“கட்டித் தா!” என்றது கூட்டம். செல்லப்பன் வலைக்கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

அப்போது ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஒரு தொப்பைக்காரர் குதித்து ஓடி வந்தார். வேனுக்குள்ளிருந்து முப்பது பேர் கோபமாக முறைத்தார்கள்.

“சார், நான்தான் தனக்கோடி. கோச்சுக்காதீங்க, கிளியனூராண்ட டயர் வெடிச்சிடுச்சி. நம்ம ஆளுங்க எங்க நின்னு கத்தணும்?”

வலைக்குள் அசோகன் மெல்லத் திரும்பினான். “அப்ப... இவங்க யாரு?”

தனக்கோடி கூட்டத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“இவங்கள நான் கூட்டியாரல சார். சேர் போட எடம் பத்தலன்னு நேத்து ஜேசிபி விட்டு இடிச்சித் தள்ளினீங்களே, அது இவங்க பாத்தி வரப்பு; வாய்க்கா தண்ணி பூந்து உப்பெல்லாம் கரைஞ்சிபோச்சி, அந்த வரப்ப நீங்க இன்னும் கட்டித் தரணும்.”