மூன்று வல்லுநர்களும் நாற்பது கோப்பைகளும்

படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிற ஒரு வயது உண்டு. எனக்கு அந்த வயது கொஞ்சம் அதிக நாள் நீடித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தவள். ரேஷன் கார்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் தெருவே என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டும். (நீட்டாதவர்களுக்கும் வாங்கிப் படித்துக் காட்டியிருக்கிறேன்.)

இரண்டாயிரங்களின் நடுவில் விருத்தாசலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். அதனால் டீ போடுவதும் என் வேலை என்று யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

அப்போது ஊராட்சிகளுக்குத் தேர்வான பெண் உறுப்பினர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தோம். சென்னையிலிருந்து மூன்று வல்லுநர்கள் பேச வந்தார்கள். உள்ளாட்சி பற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சம வேலைவாய்ப்பு பற்றி ஒரு வழக்கறிஞர் அம்மா, நிலைத்த வளர்ச்சி பற்றி ஒரு பேராசிரியர்.

“எல்லா ஏற்பாடும் நீதாம்மா. நல்லா முடிச்சா வேல நிரந்தரம். சொதப்புனா அடுத்த மாசம் வர வேணாம்” என்றார் இயக்குநர்.

நிலைத்த வளர்ச்சி பேச வருகிறவருக்குப் பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுப்பதா? நம் ஊர்ப் பீங்கான் கோப்பை இருக்கும்போதா? இந்த யோசனை தோன்றிய இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, பெருமையில்.

அம்மா ஒரு செராமிக் பட்டறையில் கோப்பை அடுக்கிய தட்டுகளைச் சுமக்கிற வேலை பார்த்தாள். “சேத்தியாத்தோப்புல காதுகுத்துக்குப் போயிட்டு, கூட்டத்தன்னிக்குக் காலையிலயே வந்து நானே பாத்து எடுத்துத் தரேன், இருடி” என்றாள்.

“ஒரு கப்பு எடுக்க எனக்குத் தெரியாதா?”

அந்தப் பட்டறைக்குள் அதுவரை நான் காலெடுத்து வைத்ததில்லை. படித்த பெண் மண்ணை மிதிப்பாளா? முதலாளி போனில் பேசிக்கொண்டே, “ஒங்கம்மா வேல பாக்கற எடம்தான, ரேக்குல இருக்குது எடுத்துக்கம்மா” என்று கையைக் காட்டினார். இரண்டு ரேக்குகள். ஒன்றில் டீக்கடைக் கோப்பை மாதிரி பளபளப்பானவை. இன்னொன்றில் மங்கலான வெள்ளை, மாவு பூசியது போல. பளபளப்பு என் ரசனைக்குக் கொஞ்சம் மட்டமாகப்பட்டது. மங்கலில் நாற்பதை வைக்கோல் வைத்துக் கட்டினேன். ஆட்டோவில் நாலைந்து உடைந்தன. நகராட்சி ரோட்டைத் திட்டினேன்.

மண்டபத்தில் டீ மாஸ்டர் அண்ணன், “கழுவ வேணாமாம்மா?” என்றார்.

“புதுசுண்ணா. துணியால தொடைச்சாப் போதும். தண்ணிய வீணாக்கக் கூடாது, அதுதான் நிலைத்த வளர்ச்சி.”

துடைத்தபோது கையெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டியது. தூசி என்று நினைத்தேன்.

உள்ளாட்சி அதிகாரி பேசி முடித்திருந்தார். பேராசிரியர் மைக்கைப் பிடித்தபோது மேடைக்கு முதல் டீ போனது, கீழேயும் கொடுத்தார்கள். “மண்ணிலிருந்து எடுப்பது மண்ணுக்கே திரும்ப வேண்டும்” என்றபடி அவர் கோப்பையைத் தூக்கினார். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாதி மேசையிலேயே குழைந்து உட்கார்ந்திருந்தது. அதிகாரியின் வெள்ளை வேட்டியில் களிமண் டீ ஓடியது. வழக்கறிஞர் அம்மா நாகரிகமாக ஒரு வாய் குடித்துவிட்டு, “டீ கொஞ்சம் கெட்டியா இருக்கோ?” என்றார்.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டறை ரேக்கைப் பார்த்துவிட்டு ஓடிவந்த அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

“அடிப்பாவி, அது பச்சக் கப்புடீ! இன்னும் சூளைக்கே போவல!”

நல்லூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் சேலையை உதறிக்கொண்டே எழுந்தார். “சாரு, எங்க ஊருல ரோடு போட்டாங்களே, அதுவும் இப்புடித்தான். மழ ஊத்துன ஒடனே கரைஞ்சிது. அதுக்கு யாரக் கேக்கறது?”

மண்டபமே சிரித்தது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண்கள் ஆளுக்கொரு கேள்வியோடு எழுந்தார்கள். ஈர வேட்டியோடு அதிகாரி சாயங்காலம் வரை பதில் சொன்னார். நான் மூலையில் களிமண்ணை வழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டார்.

“கூட்டம் நல்லா நடந்துதுன்னு மூணு பேரும் சொல்லிட்டாங்க. வேல நிரந்தரம்.”

நான் கும்பிடக் கையெடுத்தேன்.

“ஒண்ணு மட்டும். இனிமே இந்த ஆபீஸ்ல டீப் பக்கம் நீ போகக் கூடாது.”

அன்று முதல் கணக்கரும் டிரைவரும் முறை வைத்து டீ போட்டார்கள். மறு வருடம் வந்த வழக்கறிஞர் அம்மா, டிரைவர் அண்ணன் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு, “ஆண்கள் டீ போடும் அலுவலகம்! இதுவல்லவா சமத்துவம்!” என்று புகழ்ந்தார். இயக்குநர் அடக்கமாகத் தலைகுனிந்தார். நானும்தான்.

செய்தி ஊருக்குள் பரவாமல் இருக்குமா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவே முந்திக்கொண்டாள். “டீ அவ கொண்டாற மாட்டாங்க. ஆபீஸ்லயே அவளுக்குத் தடை போட்டிருக்காங்க.” அது ஏதோ அரசாங்க உத்தரவு என்று மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து, அடுப்படிக்கு வழி கேட்டார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் காலை டீ அவர்தான். விருந்தாளி யாராவது ஆச்சரியப்பட்டால், அவர் டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வார்: “தடை இன்னும் நீங்கலைங்க.”