வலது பக்கம் நின்றவர்

"சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எங்கிருந்தோ ஒரு சத்தம் வருது."

கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்து ஏ.சி.யை அணைத்தார். வாசல் வரை போய், காவலாளி கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப வாசிங்க சார்."

பியானோக்காரர் வாசித்தார்.

"இன்னும் வருது சார். பழைய மோட்டார் ஓடற மாதிரி."

"அது நான் பாடறேன்," என்றார் பியானோக்காரர்.

ஒலிப்பதிவாளர் ஏ.சி.யை மறுபடி போட்டார்.

எல்லாம் சாவுக்குப் போன இடத்தில் வாயைக் கொடுத்ததால் வந்தது. பதினெட்டு வருஷம் ஒரே ஜாஸ் குழுவில் பியானோக்காரர் பக்கத்தில் நின்று சாக்ஸபோன் ஊதிய நண்பர், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். எல்லோரும் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். பியானோக்காரர்தான் முன்னால் வந்தார். நண்பர் அமைத்த மெட்டுகளுக்கெல்லாம் வார்த்தை எழுதி, தானே பாடி, ஓர் ஆல்பம் போடுவதாகக் குழியோரத்தில் நின்று சத்தியம் செய்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதுதான் அழ ஆரம்பித்தார்கள்.

வாசிக்கும்போது கூடவே பாடுவது அவருடைய பழக்கம். விரல் ஒரு பக்கம் போகும். குரல் அதைத் தேடிக்கொண்டு இன்னொரு பக்கம் போகும். நண்பருக்கு முன்னால் அந்த இடத்தில் மூன்று சாக்ஸ்காரர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தலைவலி என்றார். ஒருவர் கல்யாணம் என்றார். மூன்றாமவர் இடைவேளைக்குப் போனவர் போனவர்தான். மூவருக்கும் இசை ஞானம் போதாது என்று பியானோக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

பிறகுதான் நண்பர் வந்தார். வந்த முதல் நாளே வலது பக்கம் ஒட்டி, சபையைப் பார்த்து நின்று, தன் வலது காதை இவர் வாய்க்கு நேராகச் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கூப்பிட்டால் வெறுமனே தலையைத் திருப்ப மாட்டார். உடம்பையே முழுசாகத் திருப்பி நின்று கேட்பார். அப்படி ஒரு மரியாதை.

இந்த உலகத்தில் அவர் குரலை விரும்பிக் கேட்டது ஒரே ஒரு காது. அது இப்போது மண்ணுக்குள் இருந்தது. மேடையில் உட்கார்ந்தால் வலது பக்கம் வெறும் காற்று. இரண்டு கச்சேரிகளில் விரல் பாதியில் நின்றுவிட்டது. இந்த ஆல்பம் வெளியே வந்தால் ஒழியத் தன்னால் இனி வாசிக்க முடியாது என்று அவர் நம்பினார்.

குழுத் தலைவர் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார்.

"யோவ், வாசிச்சே அஞ்சலி செலுத்தேன். பாடித்தான் தீரணுமா?"

"அவருக்குப் பிடிச்சதே என் குரல்தான் தலைவரே. பியானோ எவன் வேணா வாசிப்பான்."

"அவன் உன் பக்கத்துல நின்னது வந்து..." என்று ஆரம்பித்த தலைவர், டிரம்ஸ் குச்சியைச் சட்டையில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த குச்சிதான். "ஒண்ணுமில்ல. பாடு."

தலைவர் சொன்ன யோசனைப்படி வாசிப்பைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பதிவு செய்தார்கள். மைக் முன்னால் வெறும் கையோடு நின்றால் பியானோக்காரருக்குக் குரல் வரவில்லை. விரல் அசைந்தால்தான் தொண்டை திறக்குமாம். ஒரு மேஜையைக் கொண்டு வந்து போட்டார்கள். அவர் மேஜை மேல் வாசித்துக்கொண்டே பாடினார். கேட்டுப் பார்த்தால், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு ஒரு மனிதர் முனகுவது போல இருந்தது.

"நடுவுல யாராவது கதவைத் திறந்து விட்டா தேவலைன்னு இருக்கு சார்," என்றார் ஒலிப்பதிவாளர்.

குரலுக்குத் துணை சேர்த்தால் சரியாகிவிடும் என்று மூன்று பாடகிகளை வரவழைத்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. மூவரும் பிரமாதமாகப் பாடினார்கள். நடுவில் இவர் குரல், கிணற்றில் விழுந்த ஆள் மேலே போகிறவர்களைக் கூப்பிடுவது போல ஒலித்தது. இரண்டாவது பாட்டிலேயே ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பியானோக்காரர் நெகிழ்ந்துபோய் அவள் பக்கத்தில் போனார்.

"அவரைத் தெரியுமாம்மா உனக்கு?"

"இல்ல சார். காது வலிக்குது."

பாடகிகள் மழை நிற்பதற்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்பிப் போனார்கள்.

கடைசியாகப் பியானோக்காரருக்கே ஒரு யோசனை தோன்றியது. பழைய கச்சேரிப் பதிவுகளிலிருந்து நண்பரின் சாக்ஸபோனை எடுத்துத் தன் பாட்டுக்கு அடியில் வைப்பது. போனவரே வந்து ஊதிய மாதிரி இருக்கும். பதிவுகளைப் போட்டதும் ஒலிப்பதிவாளரின் முகம் விழுந்தது. நண்பர் ஒட்டி நின்று ஊதியதால், அவர் மைக் பூராவும் இவர் குரல்.

"எடுத்துப் பார்த்துட்டேன் சார். உங்க குரலை எடுத்தா சாக்ஸும் சேர்ந்து போகுது. பிரிக்க முடியல."

"பிரிக்க முடியாது," என்றார் பியானோக்காரர். கண் கலங்கியது. "அப்படியே விடுங்க."

விட்டார்கள். ஆக, ஒவ்வொரு பாட்டிலும் இப்போது பியானோக்காரர் இரண்டு பேர்: இளமையில் பாடியவர் ஒருவர், இன்று பாடியவர் ஒருவர். சுருதி விஷயத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட சாக்ஸபோன் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அழகாக ஊதிக்கொண்டிருந்தது.

மெட்டுகள் இனி நண்பரின் மனைவிக்குச் சொந்தம். அவர் சரி என்றால்தான் ஆல்பம் வெளியே வரும். பியானோக்காரர் பதிவோடும் அட்டைப்படத்தோடும் அவர் வீட்டுக்குப் போனார். தூறலில் நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தால், கூடத்து மூலையில் சாக்ஸபோன் பெட்டி மூடியபடி இருந்தது. அதன் மேல் யாரோ துவைத்த துண்டுகளை மடித்து வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் நண்பரின் அண்ணன் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர், இன்னும் கிளம்பவில்லை.

எட்டுப் பாட்டும் ஓடின. நண்பரின் மனைவி கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மூன்றாவது பாட்டில் ஜன்னலைச் சாத்தினார். சத்தம் மழையுடையதல்ல, உள்ளேயிருந்துதான் வருகிறது என்று புரிந்ததும் திறந்துவிட்டார்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"அவர் வாசிப்பு..." என்று நிறுத்தினார் அவர். "அப்படியே இருக்கு தம்பி."

"குரல்?"

"அதுவும் அப்படியேதான் இருக்கு."

"நான் நல்லா பாடறவன் இல்ல, தெரியும் அண்ணி. என் சம்சாரமே நான் வாசிக்க உட்கார்ந்தா மொட்டை மாடிக்குப் போயிடுவா. ஆனா இவர் ஒருத்தர் கேட்டார். பதினெட்டு வருஷம், பக்கத்துலயே நின்னு. அந்த ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் நான் இத்தனை நாள் வாசிச்சேன். அதைத்தான் அட்டையில போட்டிருக்கேன்."

படத்தை நீட்டினார். மேடை வெளிச்சத்தில் கண் மூடிய நண்பர். பியானோவை நோக்கிச் சாய்ந்த வலது காது, பெரிதாக. கீழே தலைப்பு: 'நீ கேட்ட குரல்.'

நண்பரின் மனைவி அந்தக் காதை வெகுநேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார்.

"வெளியிடுங்க தம்பி," என்றார் மெதுவாக. "இந்தப் படத்தோடவே வெளியிடுங்க. ரொம்பப் பொருத்தமா இருக்கு."

பியானோக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நண்பர் போன நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை அது. அதுவும் சுருதியில் வரவில்லை.

அண்ணன் நகவெட்டியை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். நண்பரின் மனைவி தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சாடை காட்டினார். அண்ணன் படத்தில் மும்முரமாக இருந்தார்.

"இது வலது காதில்ல? ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்பவே இது சுத்தமா போயிடுச்சே சார், அதைச் சொன்ன பிறகுதானே உங்க தலைவர் இவனை வேலைக்கே எடுத்தார்."